அராலித்துறையில் இறந்த விமலரத்ன எப்படிப்பட்ட அதிகாரி?

வாசகர் கேள்வி, 2024 ஆகஸ்ட் 8

"இன்று வேலணைப் பக்கம் போனபோது தெற்கிலிருந்து வந்த பஸ்கள் நின்றன. நினைவுத்தூபிக்கு மாலை போட்டார்கள். என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர் சொல்கிறார்: இராணுவ ஜெனரல் கொப்பேக்கடுவவோடு இறந்த விஜய விமலரத்ன மற்றவர்களைப் போல இல்லை, ஒழுக்கமான அதிகாரி, சனத்தை மதித்தவர், அவர் இருந்திருந்தால் போர் இப்படி முடிந்திருக்காது என்று. நான் 1996இல் பிறந்தவன். யாழ்ப்பாணத்தில் அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?"

ஆகஸ்ட் 8, இரவு

முதலில் தெரிந்த விவரத்தைச் சொல்கிறேன், அபிப்பிராயம் அப்புறம்.

விஜய விமலரத்ன காலாட்படை அதிகாரி. கொழும்பு றோயல் கல்லூரியில் படித்தவர். 1983 ஒக்டோபரில் கஜபா ரெஜிமென்ட் தொடங்கியபோது அதன் முதல் கட்டளை அதிகாரி அவர்தான். அந்த ரெஜிமென்ட்காரர் இன்றும் அவரைத் தங்கள் தந்தை என்றுதான் சொல்வார்கள். 1987 வடமராட்சி ஒப்பரேஷனில் கேணல், ஒரு பிரிகேட்டை நடத்தியவர். 1991இல் ஆனையிறவு முகாமை மீட்கக் கடல்வழியாக இறங்கிய படையில் பிரிகேடியர். 1992 ஆகஸ்ட் 8இல் அராலித்துறையில் கண்ணிவெடியில் கொல்லப்பட்டபோது யாழ்ப்பாணப் பகுதித் தளபதி. மேஜர் ஜெனரல் பதவி இறந்த பிறகு கொடுக்கப்பட்டது. ரண விக்கிரம பதக்கம், ரண சூர பதக்கம் இரண்டும் பெற்றவர். எதிரிக்கு முன்னால் காட்டிய தனிப்பட்ட துணிவுக்குக் கொடுக்கிற பதக்கங்கள் அவை. சும்மா வருடம் போனதற்குக் கொடுப்பவை அல்ல.

ஆகவே உங்கள் நண்பர் அவரைத் துணிச்சலான ஆள் என்று சொன்னால் அதை நான் மறுக்கமாட்டேன்.

"சனத்தை மதித்தவர்" என்பதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. நான் வடமராட்சியில் கரவெட்டி. 1987 மே மாதம் எனக்குப் பத்து வயது.

ஆகஸ்ட் 9, காலை

இடையில் ஒருவர் "அராலியில் எங்கே தூபி இருக்கிறது, நான் அராலி ஆள், கண்டதில்லையே" என்று எழுதியிருக்கிறார். ஐயா, நீங்கள் சொல்வது வலிகாமம் மேற்கு அராலி. சம்பவம் நடந்தது கடலுக்கு மற்றப் பக்கம், தீவில். வேலணைப் பக்கத்து அராலித்துறை, உங்கள் ஊரைப் பார்த்தபடி இருக்கிற கரை. இராணுவத்தார் அதை அராலி முனை என்பார்கள். பண்ணைப் பாலத்தால் போய், அல்லைப்பிட்டி தாண்டி வேலணைக்குப் போகவேண்டும்.

அன்றைக்கு அவர்கள் அந்தக் கரைக்குப் போனதே எதிர்க்கரையைப் பார்க்கத்தான். குடாநாட்டுக்குள் இறங்குகிற பெரிய தாக்குதலுக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. இந்த விஷயத்துக்குத் திரும்பி வருவேன். அது முக்கியம்.

ஆகஸ்ட் 9, மாலை

கஜபா ரெஜிமென்ட் பற்றிக் கேட்டவருக்கு.

1983 ஆடிக் கலவரம் முடிந்து மூன்று மாதத்துக்குள் உருவான படை அது. அதற்கு முன் ரஜரட்ட ரைபிள்ஸ் என்றொரு ரெஜிமென்ட் இருந்தது. 1983இல் வடக்கில் நின்றபோது அதில் ஒழுங்கு குலைந்தது, கலைத்துவிட்டார்கள். அதில் மிஞ்சியவர்களையும் விஜயபாகு காலாட்படையையும் சேர்த்துத்தான் கஜபா ஆக்கினார்கள். தலைமையகம் அனுராதபுரம், சாலியபுர. செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கையிலிருந்து போயிருந்தானே கயவாகு மன்னன், அவன் பெயர்தான் படைக்கு.

ஆகவே விமலரத்னவின் கையில் கிடைத்தது குழம்பிப் போயிருந்த ஒரு கூட்டம். அதை நாலு வருடத்துக்குள் இராணுவத்தின் முன்னணிப் படையாக ஆக்கினார். "ஒழுக்கமான அதிகாரி" என்ற பெயர் அங்கிருந்துதான் வருகிறது. முன்னுக்குப் போய் நிற்பார், சிப்பாயோடு சாப்பிடுவார், சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நிற்பார் என்பதெல்லாம் அவரோடு இருந்தவர்கள் சொல்வது. நான் நம்புகிறேன். சும்மா ஒரு ஆளை முப்பது வருடம் கழித்தும் அப்படி நினைக்கமாட்டார்கள்.

ஆனால் இந்த ஒழுக்கம் யாருக்கும் யாருக்கும் இடையில் உள்ளது? அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் இடையில். பங்கருக்குள் இருந்த எங்களுக்கு அந்த உறவில் இடமில்லை.

ஆகஸ்ட் 11

நேற்று எழுதவில்லை. இன்று வடமராட்சியைப் பற்றி எழுதி முடிக்கிறேன். நீளமாக இருக்கும்.

1987 மே 26. ஒப்பரேஷன் லிபரேஷன் என்று பெயர் வைத்திருந்தார்கள். திட்டத்தின் முதல் கட்டம் வடமராட்சி, அதன் பிறகு யாழ்ப்பாண நகரம். பிரிகேடியர் டென்சில் கொப்பேக்கடுவ ஒரு பிரிகேட், கேணல் விமலரத்ன இன்னொரு பிரிகேட். கஜபாவின் முதலாம் பட்டாலியன் விமலரத்னவோடு. கோத்தாபய ராஜபக்ச அப்போது அந்தப் பட்டாலியனில் அதிகாரி. மேலே கூட்டுப்படைத் தலைமையகத்தில் ஜெனரல் சிறில் ரணதுங்க, அமைச்சர் லலித் அத்துலத்முதலி, அவருக்கு மேலே ஜனாதிபதி ஜே.ஆர். தொண்டைமானாற்றிலிருந்து கிழக்கே நகர்ந்தார்கள். மணற்காட்டுப் பக்கம் கடற்கரையில் கொமாண்டோக்களை இறக்கினார்கள். வல்வெட்டித்துறை, உடுப்பிட்டி, நெல்லியடி, பருத்தித்துறை எல்லாம் சில நாட்களுக்குள் அவர்கள் கையில்.

இராணுவ நூல்களில் இது ஒரு அழகான நடவடிக்கை. இலங்கை இராணுவம் முதல்தடவையாக ஒரு முழு நிலப்பரப்பைப் பிடித்து வைத்த மரபுவழிச் சண்டை. அதை நடத்திக் காட்டியவர்கள் என்றுதான் இந்த இருவரும் தெற்கில் பெயர் எடுத்தார்கள்.

எங்கள் பக்கம் எப்படி இருந்தது?

ஹெலியிலிருந்து துண்டுப்பிரசுரம் போட்டார்கள். கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் போய் இருக்கச் சொல்லி. எங்கள் வளவில் பனங்குத்தி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர் இருந்தது. அம்மா அதை விட்டுப் போகமாட்டேன் என்றா. அம்மம்மா "அரசாங்கமே சொல்லுது கோயிலுக்குப் போகச் சொல்லி, அங்கே அடிக்கமாட்டாங்கள்" என்றா. கோயிலுக்குப் போனோம். ஊர்ச் சனம் முழுக்க அங்கேதான். தேர்முட்டியில் ஒரு குடும்பம், வாகனசாலையில் இரண்டு குடும்பம், மடப்பள்ளியில் கஞ்சி. குழந்தைப்பிள்ளைகளுக்கு மட்டும் பால்மா. மேலே அவ்ரோ விமானம் சுற்றும். அதிலிருந்து பீப்பாவை உருட்டிவிடுவார்கள். பீப்பாக் குண்டு. விழுகிற இடம் அதைப் போட்டவனுக்கே தெரியாது.

எங்கள் கோயிலில் விழவில்லை. அல்வாய் முத்துமாரியம்மன் கோயிலில் விழுந்தது. அங்கே இருந்ததும் எங்களைப் போலத் துண்டுப்பிரசுரத்தை நம்பிப் போன சனம்தான். செய்தி எங்களிடம் வந்தபோது அம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. எழும்பி, எங்களைப் பிடித்துக்கொண்டு திரும்பப் பங்கருக்கே வந்துவிட்டா.

பிறகு இளைஞர்கள். பதினைந்து வயது தொடக்கம் முப்பத்தைந்து வயதுவரை ஆண்களைத் திரட்டிக் கப்பலில் ஏற்றி காலிக்குக் கொண்டுபோனார்கள், பூஸா முகாமுக்கு. ஆயிரக்கணக்கில். புலிகள் இயக்கமா இல்லையா என்று பார்த்துப் பிடித்ததல்ல. வயதைப் பார்த்துப் பிடித்தது.

ஜூன் 3இல் இந்தியா நிவாரணப் படகுகளை அனுப்பியது, இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியது. 4ஆம் திகதி இந்திய விமானங்கள் வந்து யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டுச் சாமான் போட்டன. நகரத்தைப் பிடிக்கிற இரண்டாம் கட்டம் அத்தோடு நின்றது. ஜூலை 5இல் நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த இராணுவ முகாமுக்குள் புலிகளின் மில்லர் வெடிமருந்து லொறியை விட்டார். ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம். விமலரத்ன பிடித்த நிலம் எல்லாம் இரண்டு மாதத்தில் இந்திய இராணுவத்தின் கையில்.

ஆகஸ்ட் 11, கொஞ்சம் பிந்தி

மேலே சொன்னதில் ஒன்றைத் தெளிவாக்கவேண்டும். அல்வாயில் விழுந்ததை விமலரத்ன போடச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவர் நடத்திய ஒப்பரேஷனில் அது நடந்தது என்பதுதான் நான் சொல்வது.

ஆகஸ்ட் 12

"குண்டு போட்டது விமானப்படை, ஷெல் அடித்தது பீரங்கிப் படை. ஒரு காலாட்படை பிரிகேட் கொமாண்டரை அதற்கு எப்படிக் குற்றம் சொல்வது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆத்திரப்படாமல் பதில் சொல்கிறேன்.

காலாட்படை சும்மா நடந்து போவதில்லை. முன்னால் எங்கே அடிக்கவேண்டும் என்று கேட்கிறவனும் அதுதான். பிரிகேட் கொமாண்டர் தன் படைக்கு முன்னால் விழுகிற ஷெல்லைப் பற்றித் தெரியாதவர் அல்ல. தன் சிப்பாய் குறைவாகச் சாகவேண்டும் என்றால் முன்னால் நிறைய அடிக்கவேண்டும். இது எல்லாப் படையிலும் உள்ள கணக்குத்தான். அந்தக் கணக்கில் எங்கள் கோயில்களும் வளவுகளும் எந்தப் பக்கத்தில் இருந்தன என்பதுதான் நான் கேட்பது.

சட்டப்படி யார் குற்றவாளி என்பதை நான் தீர்மானிக்க முடியாது. ஒரு விசாரணையும் நடக்கவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும். வடமராட்சிக்காக ஒருவரும் பதில் சொல்லவில்லை. பதக்கம் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 12, இரவு

இல்லை, இதையும் எழுதத்தான் வேண்டும்.

என் பெரியண்ணாவையும் கப்பலில் ஏற்றினார்கள். ஏ.எல். எழுதவிருந்தவர். தெற்கில் ஒரு முகாமில் இருந்துவிட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தார். ஆள் மெலிந்துபோய் இருந்தார். அங்கே நடந்ததை அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். ஏற்றுவதற்கு முன் வெயிலில் வரிசையாக இருத்தியிருந்தபோது ஒரு அதிகாரி வந்து, கிழவர் ஒருவரைக் கண்டு, "இவர் எதற்கு?" என்று கேட்டு எழுப்பி அனுப்பிவிட்டாராம். தண்ணீரும் கொடுக்கச் சொன்னாராம். யார் அந்த அதிகாரி என்று அண்ணாவுக்குத் தெரியாது. "அந்த ஆள் நல்லவன்" என்பார்.

நான் ஏன் இதைச் சொல்கிறேன்? அந்த அதிகாரி நல்லவராகவே இருக்கட்டும். கிழவரை எழுப்பினார். அண்ணாவை ஏற்றினார். இரண்டும் ஒரே ஆள், ஒரே மத்தியானம். "அவர் நல்லவரா" என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தால் கிழவரோடு நின்றுவிடுவோம். கப்பல் கண்ணில் படாது.

ஆகஸ்ட் 15

ஆனையிறவு. கேட்டவர்கள் அதிகம்.

1991 ஜூலை 10இல் புலிகள் முகாமைச் சுற்றி வளைத்தார்கள். உள்ளே சிங்க ரெஜிமென்ட்டின் ஆறாம் பட்டாலியன். புலிகள் வைத்த பெயர் ஆகாய கடல் வெளிச் சமர். இராணுவம் வைத்த பெயர் பலவேகய. 14ஆம் திகதி வெற்றிலைக்கேணியில் கடலால் இறங்கினார்கள். மேல் கட்டளை கொப்பேக்கடுவ, இறங்கிய படையின் முன்னணித் தளபதிகளில் விமலரத்ன ஒருவர். வெற்றிலைக்கேணிக்கும் ஆனையிறவுக்கும் இடையில் பெரிய தூரம் இல்லை. ஆனால் அந்த மணலைத் தாண்ட அவர்களுக்கு கிழமைக்கணக்கில் எடுத்தது. மறைப்பு இல்லை, வடலியும் பற்றையும்தான். இரண்டு பக்கமும் பிள்ளைகள் செத்துக்கொண்டே இருந்தார்கள். புலிகளின் பக்கத்தில் ஐந்நூறுக்கு மேல்.

முகாமுக்குள் நின்ற சிப்பாய் காமினி குலரத்னவுக்குத்தான் பரம வீர விபூஷணம். இரும்புத் தகடு அடித்த புல்டோசர் முகாமை நோக்கி வந்தபோது ஏறிக் கிரனேட் போட்டு இறந்தவர். அந்த புல்டோசர் இன்றும் ஆனையிறவில் ஏ9 வீதியோரம் நிற்கிறது, பஸ்ஸில் போகிற எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதை ஓட்டி வந்தவரும் யாரோ ஒரு தாயின் பிள்ளை. அவர் பெயர் அங்கே இல்லை.

போர்க்கலையாகப் பார்த்தால் விமலரத்னவின் சிறந்த வேலை இதுதான் என்று நினைக்கிறேன், வடமராட்சி அல்ல. வடமராட்சியில் எதிரே நின்றவர்கள் சிறு குழுக்கள். வெற்றிலைக்கேணியில் எதிரே நின்றது பதுங்குகுழி வெட்டிக் காத்திருந்த படை. கடலை முதுகில் வைத்துக்கொண்டு, இறங்கின இடத்திலேயே அடி வாங்கியும் திரும்பாமல் போனார்கள். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமில்லை.

யாழ்ப்பாணத்துக்கு அதன் பலன்? ஆனையிறவு மூடியே இருந்தது. சனம் கொம்படி, ஊரியான் என்று சேற்றுக்குள்ளால் நடந்து வன்னிக்குப் போனது. பிறகு கிளாலிக் கடலால், இரவில், படகில். கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் தங்கம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, திரி விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள் நாங்கள். என் வயதுப் பெண்கள் பாதிப்பேர் கண்ணாடி போட்டிருப்பதற்கு அந்த விளக்குத்தான் காரணம் என்று அம்மா சொல்வா.

ஆகஸ்ட் 15

சின்னத் திருத்தம், மேலே ஒரு தம்பி எழுதியதற்கு: கொப்பேக்கடுவ காலாட்படை அல்ல, கவசப் படை. கண்டி டிரினிட்டி, பிறகு சாண்ட்ஹர்ஸ்ட். இருவரையும் ஒரே ஆளைப் போலப் பேசுகிறார்கள். கொப்பேக்கடுவவின் பெயர் பெரிது, அதனால் விமலரத்னவின் வேலை அதற்குள் மறைந்துபோனது என்று கஜபாக்காரர் வருத்தப்படுவது உண்டு.

ஆகஸ்ட் 18

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "இராணுவத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்கள். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றியது யார்? அதைப் பற்றி எழுதுவீர்களா?"

எழுதுவேன். புலிகள்தான் வெளியேற்றினார்கள். எங்கள் கண் முன்னால் நடந்தது. சோனகதெருவில் எங்களோடு படித்த பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்கூடத்தில் இல்லை. நாங்கள் பெரியவர்களிடம் கேட்டபோது அவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். தாழ்த்தியது பயத்தில் என்று அப்போது நினைத்தேன். வெட்கமும் இருந்திருக்கவேண்டும். அந்தக் கட்டளையைக் கொடுத்த தளபதிகளுக்கும் இங்கே மாவீரர் பட்டமும் பாட்டும் உண்டு. அவர்கள் பெயரோடும் அந்த நாளைச் சேர்த்து எழுதத்தான் வேண்டும். விமலரத்னவுக்குக் கேட்கிறதை எங்கள் ஆட்களுக்குக் கேட்கமாட்டேன் என்றால் நான் எழுதிய ஒன்றுக்கும் மதிப்பில்லை.

ஆனால் ஐயா, இதைச் சொன்னதால் அல்வாய் கழிபடாது. ஒன்றைக் காட்டி மற்றதை மூடுகிற பழக்கம் நமக்கு எல்லாருக்கும் இருக்கிறது. இங்கே வேண்டாம்.

ஆகஸ்ட் 20

கேள்வி கேட்ட தம்பி தன் சிங்கள நண்பருக்கு இதை வாசித்துச் சொன்னாராம். நண்பர் மனம் நொந்துவிட்டாராம். அவரை நோகடிக்க நான் எழுதவில்லை. அவருக்கு ஒன்று சொல்லுங்கள்.

நான் ஆசிரியை. பயிற்சி ஒன்றுக்காகத் தெற்கில் தங்கியிருந்தபோது என்னோடு அறையில் ஒரு சிங்கள அக்கா இருந்தா. அவவின் தம்பியை 1989இல் ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் இரவில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. வீட்டில் அவன் சேர்ட்டை இன்னும் தோய்த்து மடித்து வைக்கிறார்களாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம், என் அண்ணாவைப் பற்றி நான், தம்பியைப் பற்றி அவ. எனக்குச் சிங்களம் அரைகுறை, அவவுக்குத் தமிழ் அதைவிடக் குறைவு. ஒரு கட்டத்தில் அவ கேட்டா, "உங்கள் அண்ணா வந்துவிட்டாரா?" வந்துவிட்டார் என்றேன். "அப்படியென்றால் நல்லது" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டா.

அந்த அக்காவிடமும் போர் வீரர் நினைவு நாளுக்கு யாரோ கொடி விற்க வருவார்கள். அவ வாங்கி வைப்பா. ஒன்றும் சொல்லமாட்டா.

ஆகஸ்ட் 23

"இருந்திருந்தால் போர் இப்படி முடிந்திருக்காது" என்பதை இப்போது எடுக்கிறேன். இதைத் தெற்கில் நிறையப் பேர் மனப்பூர்வமாக நம்புகிறார்கள்.

முதலாவது. 1992 ஆகஸ்டில் அவர்கள் ஆயத்தம் செய்துகொண்டிருந்தது குடாநாட்டைப் பிடிக்க. கொல்லப்பட்ட அந்த நாளில் கூட அதற்காகத்தான் போனார்கள். அந்தத் தாக்குதல் பிறகு 1995 ஒக்டோபர் 17இல் ரிவிரெச என்ற ஒப்பரேஷனாக வந்தது. ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. மழை, இருட்டு, ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம். அந்த இரவை இங்கே யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. விமலரத்ன இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று என்னால் நினைக்க முடியவில்லை. மூன்று வருடம் முந்தி நடந்திருக்கும். அதுதான் அவருடைய வேலையாக இருந்தது.

இரண்டாவது. 2009இல் போரை முடித்தவர்கள் யார்? பாதுகாப்புச் செயலாளர் கோத்தாபய ராஜபக்ச, கஜபா. 58ஆம் டிவிஷன் சவேந்திர சில்வா, கஜபா. 57ஆம் டிவிஷன் ஜகத் டயஸ், கஜபா. விமலரத்ன உருவாக்கிய வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். அவரையே தங்கள் குரு என்று சொல்பவர்கள். 2020 பெப்ரவரியில் சவேந்திர சில்வாவை அமெரிக்கா தன் நாட்டுக்குள் வரத் தடை செய்தது, 2009இல் நடந்தவற்றுக்காக. குரு இருந்திருந்தால் மாணவர்களைத் தடுத்திருப்பார் என்று சொல்வதற்கு என்ன ஆதாரம்? மாணவர்கள் செய்ததற்குக் குருவைக் குற்றவாளி ஆக்குவதும் சரியல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோயிலுக்குப் போகச் சொல்லிவிட்டுக் கோயிலில் விழுந்தது 1987. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்துவிட்டு அதற்குள் விழுந்தது 2009. நடுவில் இருபத்திரண்டு வருடம். முதல் தடவையே யாராவது கேட்டிருந்தால், ஒரு அதிகாரியாவது பதில் சொல்லவேண்டி வந்திருந்தால், முள்ளிவாய்க்காலில் ஒரு தளபதியாவது இரண்டு தரம் யோசித்திருக்கமாட்டாரா? எனக்கு இதுதான் மனதை அரிக்கிறது. விமலரத்ன என்ற தனி ஆள் அல்ல.

ஆகஸ்ட் 24

அவரைக் கொன்றது யார் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நான் அதில் இறங்க விரும்பவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணிவெடி. கொப்பேக்கடுவ, விமலரத்ன, கடற்படையின் மொஹான் ஜயமஹா உட்படப் பத்துப் பேர். பெரிய அதிகாரிகள் எல்லாரும் ஒரே வாகனத்தில் ஏறியிருந்தார்கள். புலிகள் உரிமை கோரினார்கள். ஆனாலும் தெற்கில் அப்போதே பிரேமதாசவைச் சந்தேகப்பட்டார்கள். கனத்தை மயானத்தில் இறுதிச் சடங்கில் சனம் ஆளும்கட்சிக்காரரைத் துரத்தியது. விசாரணை ஆணைக்குழுக்கள் ஒன்று சொன்னதை மற்றது சொல்லவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பத்துப் பேருக்காக ஆணைக்குழு மேல் ஆணைக்குழு வைத்தார்கள். வைத்தது சரி, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, உண்மை தெரியவேண்டும். அதே தீவகத்தில் 1990 ஆகஸ்டில் யாழ்ப்பாணக் கோட்டையை மீட்க இராணுவம் இறங்கியபோது மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பக்கம் பிடித்துப்போன இளைஞர்களின் தாய்மார் முப்பத்துநாலு வருடமாகக் கேட்கிறார்கள். தூபிக்குப் போகிற பஸ் அந்த ஊர்களைத் தாண்டித்தான் போகிறது.

ஆகஸ்ட் 27

தம்பி, நீங்கள் கடைசியாகக் கேட்டது, "அப்படியென்றால் தூபியை உடைக்கவேண்டும் என்கிறீர்களா?"

இல்லை. இருக்கட்டும். கோப்பாய் மாவீரர் துயிலும் இல்லத்தை இடித்து அதற்கு மேல் இராணுவ முகாம் கட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது. இன்னொருவர் இறந்த இடத்தை உடைக்க நான் சொல்லமாட்டேன். விமலரத்னவின் பிள்ளைகள் வந்து பூ வைக்கட்டும்.

எனக்கு வேண்டியது வேறு. அவருடைய வரலாற்றை எழுதுகிறவர்கள் "1987 வடமராட்சி" என்று ஒரு வரி போடும்போது அடுத்த வரியில் அல்வாயையும் பூஸாக் கப்பலையும் போடவேண்டும். சிங்களத்திலும் போடவேண்டும். அதற்கு முதலில் நம்மிடம் ஒழுங்கான பதிவு வேண்டும். அல்வாயில் இறந்தவர்களின் பட்டியல்கூட ஆளுக்கொன்றாக இருக்கிறது. சிலதில் பெயர் இரண்டு தரம், சிலதில் வெறும் "ஒரு குழந்தை".

ஆகவே அல்வாய், வியாபாரிமூலை, இன்பர்சிட்டி, பொலிகண்டிப் பக்கத்து ஆட்கள், வெளிநாட்டில் இருப்பவர்களும்தான், வீட்டில் வயதானவர்களிடம் கேளுங்கள். இறந்தவர் பெயர், வயது, யாருடைய பிள்ளை, எந்தக் கோயிலில் அல்லது எந்த வளவில், என்ன நாள். குடும்பத்தாரிடம் கேட்காமல் பொதுவில் போடவேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள். கப்பலில் போனவர்கள் வைத்திருக்கிற விடுதலைத் துண்டு இருந்தால் படம் எடுத்து வையுங்கள், பூச்சி அரித்துவிடும். என் அண்ணா தன்னுடையதைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். என் அம்மாவின் தோழி ஒருவர் அல்வாயில் இருந்து தப்பியவர், எண்பது தாண்டிவிட்டா, ஞாபகம் இன்னும் தெளிவு. சனிக்கிழமை போய்ப் பேசப்போகிறேன். யாராவது வர விரும்பினால் சொல்லுங்கள், ரெக்கோர்டர் இருந்தால் கொண்டுவாருங்கள்.